உங்களுக்குத் தெரியுமா? ஒரு விசுவாசியின் இசை அலமாரியிலிருந்து

கிறிஸ்தவ இசை என்றதும் நம்மில் பலருக்குத் துதிப்பாடல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. காரில் அது, சமையலறையில் அது, ஜெபக்கூட்டத்திலும் அதுவே. சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் நிலைமை வேறு. அங்குள்ள 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது; ஆறுதலாக ஒரு வரிகூட அதன் கடைசியில் இல்லை. தாவீதும் ஆசாபும் கோராகின் புத்திரரும் அழுத அழுகைக்கு, கேட்ட கேள்விக்கு, நம் வீட்டு இசையில் இடம் உண்டா? அந்த இடத்தை நிரப்பக்கூடிய ஆல்பங்களையும் அவற்றைப் பற்றிய சில செய்திகளையும் இங்கே தருகிறேன். துதியும் இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்: பாட்டுப் பாட்டாகப் பிய்க்காமல், ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறையாவது உட்கார்ந்து கேளுங்கள்.

◆ ராக் அண்ட் ரோல் மன்னன் என்று உலகம் கொண்டாடிய எல்விஸ் பிரெஸ்லி, போட்டியில் வென்ற கிராமி விருதுகள் மூன்று. மூன்றுமே பக்திப் பாடல்களுக்குத்தான். ‘ஹவ் கிரேட் தௌ ஆர்ட்’ ஆல்பத்துக்கு ஒன்று, ‘ஹீ டச்ட் மீ’ ஆல்பத்துக்கு ஒன்று, ‘ஹவ் கிரேட் தௌ ஆர்ட்’ பாடலை மேடையில் பாடிய பதிவுக்கு ஒன்று. 1967-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். அந்தப் பாட்டுக்கு மூலம், ஸ்வீடன் நாட்டு கார்ல் போபெர்க் 1885-இல் எழுதிய கவிதை. இன்று உலகம் பாடும் ஆங்கில வடிவத்தைத் தந்தவர், கார்பேத்திய மலைப்பகுதியில் ஊழியம் செய்த ஸ்டூவர்ட் ஹைன் என்ற மிஷனரி.

◆ 1932 ஆகஸ்ட். சிகாகோவைச் சேர்ந்த தாமஸ் டார்சி, செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த எழுப்புதல் கூட்டத்துக்குப் பாடப் போயிருந்தார். அங்கே அவருக்கு ஒரு தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி நெட்டி இறந்துவிட்டார். பதறி ஊர் திரும்பினார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்க நாட்களில் பியானோ முன் உட்கார்ந்தபோது பிறந்ததுதான் ‘டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்’.

இந்த டார்சி அதற்கு முன்பு ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்கு பியானோ வாசித்தவர். ப்ளூஸின் வலியையும் சபையின் விசுவாசத்தையும் அவர் ஒன்றாகச் சேர்த்தபோது, பல சபைகள் முதலில் கதவைச் சாத்தின. இன்று உலகம் ‘காஸ்பல்’ என்று சொல்லும் இசைக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள். அவருடைய பாடல்களைப் பலர் புதிதாகப் பாடி 1973-இல் வந்த ‘பிரெஷியஸ் லார்ட்’ என்ற இரட்டை இசைத்தட்டு, காஸ்பல் இசைக்குள் நுழைய நல்ல வாசல். மரியன் வில்லியம்ஸின் குரலுக்காகவே வாங்கலாம்.

◆ 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்க நாளில் ‘டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்’ பாட்டைப் பாடியவர் மஹாலியா ஜாக்சன். 1972-இல் சிகாகோவில் மஹாலியாவுக்கே அஞ்சலி செலுத்தியபோது அதே பாட்டைப் பாடியவர் அரேத்தா ஃப்ராங்க்ளின். அதற்குச் சில நாட்கள் முன்புதான், அரேத்தா தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பதிவை முடித்திருந்தார்.

◆ அந்தப் பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆல்பம்தான் வாங்க முடியும் என்று யாராவது என்னிடம் கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்: ‘அமேசிங் கிரேஸ்’.

1972 ஜனவரி 13, 14. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் உள்ள நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் ஆலயம். முன்பு சினிமா கொட்டகையாக இருந்த கட்டடம் அது. அரேத்தா அப்போது சோல் இசையின் ராணி; தொட்டதெல்லாம் ஹிட். ஸ்டுடியோவில் வசதியாகப் பாடியிருக்கலாம். அவரோ, போதகரின் மகளாகத் தான் வளர்ந்த ஆலய இசைக்கே திரும்பிப் போய், சபையாரை முன்னே உட்கார வைத்துப் பாடினார். இரண்டு இரவுகள். பியானோவில் ரெவரெண்ட் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட், பின்னால் சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயர்.

தலைப்புப் பாடல் மட்டும் ஏறக்குறைய பதினொரு நிமிடம். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதை இழுத்து, வளைத்து, விட்டுவிட்டு, மீண்டும் பிடிக்கிறார். அடுத்த சொல் வருவதற்குள் சபையிலிருந்து ஆமென் எழும்புகிறது. ஒரு கட்டத்தில் கிளீவ்லாண்ட் பியானோவை விட்டு விலகி, கைக்குட்டையில் முகம் புதைத்து அழுகிறார். இதை நாம் இன்று கண்ணால் பார்க்கவும் முடியும். இயக்குநர் சிட்னி பொல்லாக் இரண்டு இரவுகளையும் படமெடுத்தார். ஆனால் ‘கிளாப்’ அடிக்காமல் எடுத்ததால் படத்தையும் ஒலியையும் பொருத்த முடியாமல் படச்சுருள்கள் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. அரேத்தா 2018 ஆகஸ்டில் காலமானார். அந்த ஆண்டின் இறுதியில்தான் படம் திரைக்கு வந்தது. அதில் ஒரு காட்சி: அரேத்தா பியானோ வாசித்துக்கொண்டே பாடுகிறார், முகமெல்லாம் வியர்வை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தந்தை சி. எல். ஃப்ராங்க்ளின் எழுந்து வந்து மகளின் முகத்தைத் துடைத்துவிடுகிறார். மகள் பாட்டை நிறுத்தவில்லை.

டார்சியின் பாட்டையும், கேரல் கிங் எழுதிய ‘யூ’வ் காட் எ ஃப்ரெண்ட்’ என்ற அந்நாளைய சினேகப் பாட்டையும் ஒன்றாகப் பின்னிப் பாடியிருப்பதும் இந்த ஆல்பத்தில்தான். அந்த நண்பர் யார் என்று சபைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரேத்தாவின் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றதும் இதுவே.

◆ ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதிய ஜான் நியூட்டன், அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலின் தலைவராக இருந்தவர். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக, ஆல்னி என்ற சிற்றூரில் அதை எழுதினார். இன்று நாம் பாடும் மெட்டு அவருக்குத் தெரியாது. அவர் இறந்து 28 ஆண்டுகள் கழித்து, 1835-இல், அமெரிக்காவில் வில்லியம் வாக்கர்தான் அந்த மெட்டோடு சேர்த்து அச்சிட்டார். அடிமைகளின் சந்ததியில் வந்த ஒரு பெண் அதைப் பாடும்போது என்ன நடக்கிறது என்பதற்காகவும் அரேத்தாவின் பதிவைக் கேட்க வேண்டும்.

◆ ‘ஓ ஹேப்பி டே’ பாடல் இருந்த ஆல்பம் முதலில் அச்சானது 500 பிரதிகள் மட்டுமே. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஓர் ஆலயத்தில், எட்வின் ஹாக்கின்ஸ் என்ற இளைஞர் தன் வாலிபர் கொயருக்குப் பயணச் செலவு திரட்டுவதற்காகப் பதிவு செய்த ஆல்பம் அது. ஒரு வானொலி அறிவிப்பாளர் கையில் தட்டு சிக்கியது. 1969-இல் உலகமே பாடியது. பாட்டுக்கு மூலமோ 18-ஆம் நூற்றாண்டில் ஃபிலிப் டாட்ரிஜ் என்ற ஆங்கிலேயப் போதகர் எழுதிய கீதம். நம் சபை வாலிபர் கூட்டங்களுக்கு இதைவிட உற்சாகமான செய்தி எனக்குத் தெரியவில்லை.

◆ மனிதன் செய்த பொருள்களில் பூமியைவிட்டு மிகத் தொலைவு போய்விட்டது வாயேஜர்-1 விண்கலம். 1977-இல் அனுப்பப்பட்ட அந்தக் கலத்தில் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதில் பாக் உண்டு, பேத்தோவன் உண்டு. கூடவே, டெக்சாஸ் தெருமுனைகளில் பாடிப் பிரசங்கித்த பார்வையற்ற கறுப்பினப் பாடகர் ஒருவரும் உண்டு. பெயர் பிளைண்ட் வில்லி ஜான்சன்.

1927 டிசம்பர் 3, டாலஸ் நகரம். ‘டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்’ என்ற பதிவு. கெத்செமனே தோட்டத்து இரவைப் பற்றிய பழைய கீதம் அது. ஆனால் ஜான்சன் அதில் ஒரு வார்த்தைகூடப் பாடவில்லை. கிட்டார் கம்பிமேல் ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போகிறது; அதோடு சேர்ந்து அவர் முனகுகிறார், அவ்வளவுதான். மூன்று நிமிடம் சொச்சம். பெருமூச்சுகளாலேயே ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்வதைப் பற்றி ரோமர் 8-இல் வாசிக்கிறோமே, அதைக் காதால் கேட்க வேண்டுமானால் இங்கே கேட்கலாம். ஜான்சன் 1945-இல் வறுமையில் இறந்தார். அவர் பதிவு செய்த 30 பாடல்களும் இரண்டு குறுந்தகடுகளாக 1993-இல் ஒன்றாக வந்தன. பெரிய வியாழன் இரவுக்கு வீட்டில் எடுத்துவையுங்கள்.

◆ இருபதாம் நூற்றாண்டின் ஒரு சிம்பொனி பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது என்றால் நம்புவீர்களா? போலந்து நாட்டுக் கத்தோலிக்கரான ஹென்றிக் குரெட்ஸ்கி 1976-இல் எழுதிய மூன்றாவது சிம்பொனி அது. சோகப் பாடல்களின் சிம்பொனி என்று பெயர். எழுதிய காலத்தில் சிலர்தான் கவனித்தார்கள். 1992-இல் டான் அப்ஷா பாட, டேவிட் ஜின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியெட்டா வாசித்த பதிவு வந்தபோது, இங்கிலாந்தில் பாப் ஆல்பங்களோடு போட்டியிட்டு ஆறாவது இடம்வரை ஏறியது.

மூன்று பகுதிகள், மூன்றும் தாயும் பிள்ளையும் பிரிவதைப் பற்றியவை. முதலாவது, சிலுவையண்டை நின்ற மரியாளின் புலம்பல். 15-ஆம் நூற்றாண்டுப் பாட்டு. கடைசி, போரில் தொலைந்த மகனைத் தேடும் தாயின் நாட்டுப்பாடல். நடுவில் வருவதுதான் நெஞ்சை அறுக்கிறது. 1944-இல் சாகோபானே ஊரில் நாஜி ரகசியப் போலீசார் அடைத்து வைத்திருந்த 18 வயதுப் பெண் ஒருத்தி சிறையறைச் சுவரில் கிறுக்கிய சில வரிகள். தன் தாயை அழவேண்டாம் என்கிறாள். பரலோகத் தாயின் துணையைக் கேட்கிறாள். சுவரில் மற்றவர்கள் பழிவாங்கக் கதறியிருக்க, இவள் மட்டும் அம்மாவைத் தேற்றியிருந்தாள். அதுதான் குரெட்ஸ்கியைத் தொட்டது.

முதல் பகுதி பொறுமையைக் கேட்கும். டபுள் பேஸ் வாத்தியங்கள் காதில் விழுமோ விழாதோ என்ற அளவில் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அதே மெட்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. பாடும் குரல் வருவதற்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். துக்கவீட்டில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முதல் ஆல்பம் இது. அவர்களிடம் சீக்கிரம் தேறிவிடுங்கள் என்று இது சொல்வதில்லை.

◆ 1941 ஜனவரி 15 அன்று, ஜெர்மானியர் நடத்திய போர்க்கைதிகள் முகாம் ஒன்றில் ஓர் இசைக்கச்சேரி நடந்தது. கடுங்குளிர். கேட்டவர்கள் கைதிகளும் காவலர்களும். எழுதியவர் ஒலிவியே மெஸ்ஸியான் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கர், பாரிஸ் ஆலயமொன்றின் ஆர்கன் வாத்தியக்காரர், அவரும் கைதி. முகாமில் கிடைத்தவர்கள் ஒரு கிளாரினெட், ஒரு வயலின், ஒரு செல்லோ வாசிப்பவர்கள், தனக்கு பியானோ. இருப்பதைக்கொண்டு எழுதினார். எழுதத் தாளும் பென்சிலும் கொடுத்து உதவியவர் ஒரு ஜெர்மானியக் காவலர்.

‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’ என்ற அந்தப் படைப்புக்கு ஆதாரம் வெளிப்படுத்தின விசேஷம் 10-ஆம் அதிகாரம்: இனி காலம் இல்லை என்று ஆணையிடும் தேவதூதன். எட்டுப் பகுதிகள். ஏழாம் நாள் ஓய்வு நித்தியத்துக்குள் நீண்டு எட்டாவதாகிறது என்று மெஸ்ஸியான் விளக்கினார். முதன்முறை கேட்பவர்கள் ஐந்தாம் பகுதியைத் தனியாகக் கேளுங்கள் (முழுதாகக் கேட்கச் சொன்ன என் விதிக்கு இது ஒன்றே விலக்கு). செல்லோ தனியாக, அவசரமே இல்லாமல், இயேசுவின் நித்தியத்தைத் துதிக்கிறது. பியானோ கூடவே நிதானமாக நடக்கிறது. ‘டாஷி’ என்ற அமெரிக்கக் குழு 1970-களில் செய்த பதிவு இன்றும் முன்வரிசையில் நிற்கிறது.

◆ எஸ்டோனியாவின் அர்வோ பார்ட் 1968-இல் ‘கிரேடோ’ என்ற விசுவாசப் பிரமாண இசையை அரங்கேற்றியதும் சோவியத் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானார். அதன்பின் பல ஆண்டுகள் அவர் எழுதியது மிகக் குறைவு. பழைய ஆலயக் கீதங்களைப் படித்தார், ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார். 1976-இல் புதிய பாணியோடு வெளியே வந்தார். அதில் ஒரு சுரம் ஒலித்தால், அடுத்த சுரம் அதற்குக் காத்திருக்கும். 1984-இல் வெளியான ‘டபுலா ராசா’ ஆல்பத்தில் பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளருக்கு அஞ்சலியாக ஒரு சிறு படைப்பு இருக்கிறது. ஒரு மணி, கூடவே இறங்கி இறங்கி வரும் தந்தி வாத்தியங்கள். எல்லாம் நின்றபின் மணியின் ரீங்காரம் மட்டும் காற்றில் மிச்சமிருக்கும். கடைசி அடியை மிக மெதுவாக அடிக்கச் சொல்லியிருப்பதால், மற்ற வாத்தியங்கள் நிற்கும்வரை அது காதில் விழாது. ஹெட்ஃபோன் இருந்தால் அதைப் போட்டுக் கேளுங்கள்.

◆ பாக் எழுதிய ஆலயக் கான்டாட்டாக்களை முழுமையாகப் பதிவு செய்து உலகின் பாராட்டைப் பெற்ற குழுக்களில் ஒன்று ஜப்பானியக் குழு. மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே உள்ள நாடு அது. மஸாகி சுசூகி 1990-இல் தொடங்கிய பாக் கொலேஜியம் ஜப்பான், கோபே நகரின் ஒரு கல்லூரி ஆலயத்தில் 1995 முதல் 2013 வரை பதிவு செய்து, 55 தொகுதிகளாக வெளியிட்டது. சுசூகி தாமே விசுவாசி. ஜெர்மன் மொழி வசனத்தின் பொருளைப் பாடகர்கள் உணர்ந்து பாடவேண்டும் என்பதில் கண்டிப்பானவர்.

எல்லாம் வேண்டாம். இரண்டாம் தொகுதியை மட்டும் எடுங்கள். ஆழங்களிலிருந்து கூப்பிடும் 130-ஆம் சங்கீதத்துக்கு பாக் இளம்வயதில் எழுதிய இசையும் (131-ஆம் எண்), அடக்க ஆராதனைக்கான 106-ஆம் எண்ணும் அதில் இருக்கின்றன. இரண்டு புல்லாங்குழல்களோடு தொடங்கும் அந்த 106-ஐப் போல, சாவைப் பற்றி இவ்வளவு மென்மையாகப் பேசிய இசை வேறு இல்லை என்றே மதிக்கிறேன்.

◆ பாக் வைத்திருந்த வேதாகமம் இன்றும் இருக்கிறது. முதற்பக்கத்தில் அவர் கையெழுத்தும் 1733 என்ற ஆண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பண்ணைவீட்டில் 1934-இல் கண்டெடுத்தார்கள். இப்போது செயின்ட் லூயிஸ் இறையியல் கல்லூரியில் உள்ளது. 2 நாளாகமம் 5-ஆம் அதிகாரத்தில், எக்காளமும் பாட்டும் ஒருமித்து எழும்ப ஆலயத்தை மேகம் நிரப்பும் இடத்தில், ஓரத்தில் பாக் குறிப்பு எழுதியிருக்கிறார்: பயபக்தியோடு இசைக்கும் இடத்தில் தேவன் தம் கிருபையோடு எப்போதும் இருக்கிறார் என்று. ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கும் நம்மூர்ச் சகோதர சகோதரிகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரட்டும்.

◆ ஆலயப் பலிபூசையை மக்களின் தாய்மொழியில் நடத்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிதிறந்தது. அடுத்த ஆண்டே அர்ஜென்டினாவின் ஏரியல் ராமிரெஸ் ஸ்பானிய மொழியில், தன் நாட்டு நாட்டுப்புறத் தாளங்களில், ‘மிஸா கிரியோல்யா’ எழுதினார். ஆண்டீஸ் மலைக்காரர்களின் சரங்கோ என்ற சிறு கிட்டார் அதில் துள்ளுகிறது. ஜெர்மனியில் தான் சந்தித்த இரண்டு கன்னியாஸ்திரிகள் அதற்குத் தூண்டுதல் என்றார் ராமிரெஸ். நாஜி காலத்தில், எதிரே இருந்த முகாமின் கைதிகளுக்கு உயிரைப் பணயம் வைத்து இரவில் உணவு கொண்டுபோய் வைத்த சகோதரிகள் அவர்கள்.

அதற்கும் முன்பே, 1958-இல், காங்கோவில் கீடோ ஹாசென் என்ற பெல்ஜியப் பாதிரியார், சிறுவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த கொயரோடு ‘மிஸ்ஸா லூபா’வைப் பதிவு செய்தார். வார்த்தை லத்தீன், தாளமும் மெட்டும் காங்கோவினுடையவை. பெரும்பகுதி அந்தப் பாடகர்கள் அந்தந்த நேரத்தில் கூட்டாக உருவாக்கியது. இரண்டுமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் முதலில் இவற்றைப் போடுங்கள்.

◆ கிறிஸ்தவ ராக் இசையின் முதல் ஆல்பம் என்று பலர் குறிப்பது லாரி நார்மனின் ‘அபான் திஸ் ராக்’, 1969. அவருடைய ‘ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்’ (1972) அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. கிட்டார் சத்தமாக இருக்கும். கேள்விகள் அதைவிடச் சத்தமாக இருக்கும்.

◆ 1980-இல் கீத் கிரீன் தன் புதிய ஆல்பத்துக்கு விலை வைக்கவில்லை. முடிந்ததைக் கொடுங்கள், இல்லாதவர்கள் சும்மாவே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். சுவிசேஷத்துக்கு விலை போடக்கூடாது என்ற உறுத்தலால், பெரிய ஒலிப்பதிவு நிறுவனத்தின் ஒப்பந்தத்திலிருந்து கேட்டு விலகி, வீட்டை அடகு வைத்து அந்த ஆல்பத்தை எடுத்தார். ‘சோ யூ வான்னா கோ பேக் டு ஈஜிப்ட்’ என்பது அதன் பெயர். வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரைப் பற்றிய தலைப்புப் பாடல் சிரிக்க வைத்தே குத்தும். ஒரு பாட்டில் மவுத் ஆர்கன் வாசித்திருப்பவர் பாப் டிலன்! 1982 ஜூலையில் சிறு விமானம் ஒன்று விழுந்து, தன் இரண்டு பிள்ளைகளோடு கீத் கிரீன் இறந்தபோது அவருக்கு வயது 28. ஆல்பங்களில் ‘நோ காம்ப்ரமைஸ்’ (1978) எனக்கு இன்னும் நெருக்கம்.

◆ அந்த பாப் டிலன் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு 1979-இல் வெளியிட்டது ‘ஸ்லோ டிரெய்ன் கமிங்’. தயாரித்தவர்களில் ஒருவர், அரேத்தாவின் ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பத்திலும் பங்குகொண்ட ஜெர்ரி வெக்ஸ்லர். யூதராகப் பிறந்த நாத்திகர். டிலன் அவரிடமே சுவிசேஷம் சொல்லிப் பார்த்தாராம். அந்த ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ வார்ஃபீல்ட் அரங்கில் டிலன் பழைய பாட்டு ஒன்றுகூடப் பாடவில்லை, எல்லாம் விசுவாசப் பாடல்களே. ரசிகர்களில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். அந்த மேடைகளின் பதிவுகள் ‘டிரபிள் நோ மோர்’ என்ற பெயரில் 2017-இல் வந்தன. ஸ்டுடியோ ஆல்பத்தைவிட அவை பல மடங்கு கனல் உள்ளவை.

◆ ஜானி கேஷ், ஆயிரக்கணக்கான மேடைகள் கண்டவர். தான் செய்தவற்றிலேயே தனக்கு மிகப் பிடித்தது ‘மை மதர்ஸ் ஹிம் புக்’ என்றார். சிறுவயதில் ஆர்கன்சா பருத்திக்காட்டில் அம்மா பாடிய பாட்டுகள், அம்மாவின் கிழிந்த பாட்டுப்புத்தகத்திலிருந்து. ஒரு குரல், ஒரு கிட்டார், வேறொன்றும் இல்லை. 2003 செப்டம்பரில் அவர் இறந்தார். 2004-இல் தனி ஆல்பமாக வந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். முதல் பாட்டு, முதுமையே இல்லாத தேசத்தைப் பற்றிய பழைய கீதம். அரேத்தா தன் ஆல்பத்தில் ஏறக்குறைய பத்து நிமிடம் பாடியிருப்பதும் அதே கீதம்தான். கேஷ் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார். ஒரே மாலையில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நம் சபையில் எழுபது வயதுப் பெரியவர் பாமாலை பாடுவதை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு கேஷ் உடனே பிடித்துப்போவார்.

◆ ரிச் மல்லின்ஸ் எவ்வளவு சம்பாதித்தார் என்பது அவருக்கே தெரியாது. பாடல்களிலிருந்து வந்த பணமெல்லாம் நேரே சபை மூப்பர்களிடம் போகும். சாதாரண அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் சம்பள அளவுக்கு அவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தர்மத்துக்கு அனுப்புவார்கள். தொகையைச் சொல்லவேண்டாம், தெரிந்தால் கொடுப்பது கடினமாகிவிடும் என்று சொல்லிவைத்திருந்தார். கடைசி ஆண்டுகளில் நவஹோ பழங்குடியினர் வாழும் பகுதியில் குடியிருந்து, பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்தார்.

அவருடைய ‘எ லிட்டர்ஜி, எ லெகஸி அண்ட் எ ரேகமஃபின் பேண்ட்’ (1993) ஆல்பத்தின் முதல் பாதி, ஓர் ஆராதனை முறைமையைப் போலவே நகர்கிறது. நாம் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் அதில் ஒரு பாட்டு. சிறு சுத்தியல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் டல்சிமர் என்ற வாத்தியம் அந்தப் பாட்டு முழுக்க ஓடுகிறது. மனப்பாடமாகிப் பழகிப்போன வார்த்தைகள் மறுபடியும் சூடாகின்றன.

1997 செப்டம்பரில், கைவிடப்பட்ட ஓர் ஆலயக் கட்டடத்தில் சாதாரண கேசட் ரெக்கார்டரை வைத்து, இயேசுவைப் பற்றிய புதிய பாடல்களைப் பாடிப் பதிந்தார். முறையான பதிவுக்கு முந்தைய மாதிரிதான் அது. ஒன்பதாம் நாள் சாலை விபத்தில் இறந்தார். அந்தக் கேசட்டையும், நண்பர்கள் அதே பாடல்களைப் பாடிய பதிவையும் சேர்த்து 1998-இல் ‘த ஜீசஸ் ரெக்கார்ட்’ என்று வெளியிட்டார்கள். கேசட் பக்கத்தைத்தான் நான் கேட்பேன். நண்பர்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள், ஆனாலும் இரைச்சலோடு கூடிய அந்தக் கேசட்டுக்கு ஈடில்லை.

◆ இனி, விசுவாசிகள் சிலர் தயங்கும் இரண்டு ஆல்பங்கள்.

ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9-இல் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’. அவருடைய தாத்தாக்கள் இருவரும் மெத்தடிஸ்ட் போதகர்கள். போதைப்பழக்கத்திலிருந்து 1957-இல் தேவகிருபையால் மீண்டதாக நம்பிய கோல்ட்ரேன், நன்றிக் காணிக்கையாக இதைப் படைத்தார். நான்காம் பகுதிக்குச் ‘சங்கீதம்’ என்று பெயர். ஆல்பத்தின் அட்டையில் அவரே எழுதிய ஜெபம் ஒன்று அச்சாகியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், சாக்ஸஃபோன் அந்த ஜெபத்தை அசை அசையாக உச்சரிப்பது புரியும். கோல்ட்ரேனின் இறையியல் நம்முடையது ஆகாது. எல்லா மதங்களுக்கும் இடம் தந்தவர் அவர். என் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காமலேயே, அந்த நன்றியறிதலை என்னால் ஆமென் சொல்லிக் கேட்க முடிகிறது.

இன்னொன்று நம் வீட்டுச் சொத்து. 2005-இல் வெளிவந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’. சிவனைப் பாடிய மாணிக்கவாசகரின் வாசகத்துக்கு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் இசை. அதை முன்னின்று வெளிக்கொணர்ந்தவர் ஜெகத் கஸ்பர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி. யூ. போப்பும் மிஷனரியே. தன் குறையை எண்ணி உருகுவதும், தகுதியில்லாதவனைத் தேடிவந்த அருளை நினைத்து அழுவதும் என்ன என்று தெரிந்துகொள்ள போப் ஐயர் தயங்கவில்லை. நாமும் தயங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

◆ ராப் கேட்கும் பிள்ளைகளுக்கு: 2013-இல் சிறந்த காஸ்பல் ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்ற முதல் ஹிப் ஹாப் கலைஞர் லெக்ரே, ஆல்பம் ‘கிராவிட்டி’. ராக் கேட்கும் பிள்ளைகளுக்கு: யூ-2 குழுவின் ‘வார்’ (1983) ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 40-ஆம் சங்கீதம். பல ஆண்டுகள் அவர்கள் கச்சேரியை அதைக்கொண்டே முடித்தார்கள். வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக மேடையைவிட்டுப் போனபின்னும் கூட்டம் பாடிக்கொண்டே இருக்கும்.

◆ ஹேண்டலின் ‘மெசையா’ கிறிஸ்துமஸ் கச்சேரிக்காக எழுதப்பட்டது என்று நினைக்கிறோம். ஆனால் முதல் அரங்கேற்றம் 1742 ஏப்ரல் 13, டப்ளின் நகரம். முந்தைய ஆண்டு 24 நாட்களில் எழுதி முடித்தது. கூட்டம் நெருக்கும் என்பதால், பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். 700 பேர் வந்தார்கள். வசூலான பணத்தை இரண்டு மருத்துவமனைகளுக்கும் கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களுக்கும் பகிர்ந்தார்கள். 142 பேர் கடன் தீர்ந்து விடுதலையானார்கள்.

பதிவுகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. பழைய வாத்தியங்களில், துள்ளலான வேகத்தில் கேட்க கிறிஸ்டோஃபர் ஹாக்வுட் 1980-இல் வெளியிட்டது. கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து காஸ்பலாகவும் ஜாஸாகவும் மாற்றிப் பாடியதைக் கேட்க ‘எ சோல்ஃபுல் செலிப்ரேஷன்’, 1992. எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் பாகம்தான் கிறிஸ்துமஸ். இரண்டாம் பாகம் சிலுவையும் உயிர்த்தெழுதலும். அல்லேலூயா கோரஸ் அதன் முடிவில் வருகிறது. அத்தோடு பலர் எழுந்துவிடுகிறார்கள். மூன்றாம் பாகம் பாக்கியிருக்கிறது. தன் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று யோபு குப்பைமேட்டிலிருந்து அறிக்கையிட்டதை, ஒரே ஒரு பெண்குரல் பாடுவதில் அது தொடங்குகிறது. இந்த ஈஸ்டருக்கு அங்கிருந்து ஆரம்பியுங்கள்.